லேசரால் திருத்த முடியாத கண்கள்: போர்க் காயம் பட்டவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

"தம்பி பிரான்சில இருந்து காசு அனுப்புறன் எண்டு நிக்கிறான். கொழும்பில லேசர் அடிச்சா கண்ணாடியே தேவையில்லையாம். உண்மையோ பிள்ளை? ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ."

விசுவமடுவில் வீட்டோடு சேர்ந்த சிறு கொட்டிலில் தையல் இயந்திரம் வைத்துச் சீவியம் நடத்தும் ஒரு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. 2009 இல் மாத்தளனில் எறிகணைச் சிதறல் ஒன்று அவரது இடது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சம்கூடத் தெரியாது. மிஞ்சிய வலது கண்ணை நம்பித்தான் இத்தனை வருடமும் தைத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தார். அந்த வலது கண்ணும் இரண்டு வருடங்களாக மங்கிக்கொண்டு வருகிறது. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அவரது தம்பி முகநூலில் விளம்பரம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். பத்து நிமிடத்தில் பார்வை என்று அதில் போட்டிருந்ததாம். இரவு பகலாக வேலை செய்து சேர்த்த காசை அக்காவின் கண்ணுக்குச் செலவழிக்க அவர் தயாராக இருந்தார். அந்தக் காசு வீணாகியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கும் ஒரே கண்ணைப் பிழையான சிகிச்சைக்குக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

வன்னியில் கண்ணில் காயம்பட்டவர்களுடன் பேசும்போது "லேசர் செய்தால் சரிவருமா" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. லேசர் என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சிகிச்சைகள் அடங்கியிருப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். எந்தக் கண்ணுக்கு எது உதவும், எது உதவாது என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பார்வைத் திருத்த லேசர் என்ன செய்கிறது?

கண்ணின் முன்பக்கத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போலக் குவிந்து தெளிவாக இருக்கும் பகுதிதான் விழிவெண்படலம். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்த மெல்லிய படலமே செய்கிறது. மிச்சத்தைக் கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை செய்கிறது. இரண்டும் சேர்ந்து ஒளியை விழித்திரையில் சரியாகக் குவித்தால் பார்வை தெளிவாக இருக்கும். ஒளி விழித்திரைக்கு முன்னால் குவிந்தால் கிட்டப்பார்வை. அதைப் பாடப்புத்தகம் குறும்பார்வை என்று சொல்லும். பின்னால் குவிந்தால் தூரப்பார்வை. விழிவெண்படலம் ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் எழுத்துகள் நிழல் விழுந்ததுபோலத் தெரியும். இதைத்தான் கண் பரிசோதகர்கள் "சிலிண்டர் பவர்" என்கிறார்கள்.

லேசிக் போன்ற சிகிச்சைகள் திருத்துவது இந்த மூன்றையும் மாத்திரமே. விழிவெண்படலத்தின் மேற்பகுதியில் மெல்லிய மூடி ஒன்றைத் திறந்து, அதன் கீழுள்ள இழையத்தை எக்ஸைமர் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்ப மூடிவிடுவார்கள். ஒரு பவர் கிட்டப்பார்வையைக் குறைக்க ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரோன் வரை செதுக்க வேண்டும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூடி திறக்காமல் மேற்பரப்பிலேயே செதுக்கும் முறையும், சிறு துளையால் உள்ளிருந்து ஒரு துண்டை எடுக்கும் ஸ்மைல் என்ற முறையும் உண்டு. எல்லாவற்றிலும் மாறுவது விழிவெண்படலத்தின் வடிவம் ஒன்றுதான்.

இந்தக் கண்டுபிடிப்பில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய சகாக்களுடன் எக்ஸைமர் லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டொன்றின் மீது அதைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியிருந்த இழையம் கருகாமல், கத்தியாலும் முடியாத துல்லியத்தில் அது வெட்டுப்பட்டது. 1983 இல் கண் வைத்திய நிபுணர் ஸ்டீவன் ட்ரோக்கெலுடன் சேர்ந்து அதை விழிவெண்படலத்தில் பயன்படுத்த முடியும் என்று காட்டினார். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் கண்ணாடியைக் கழற்றி வைத்ததற்கு அடிப்படை அதுதான்.

கண்ணை ஒரு கமெரா என்று வைத்துக்கொண்டால், லேசிக் அதன் முன் கண்ணாடியை மட்டும் திருத்துகிறது. உள்ளிருக்கும் வில்லை மங்கியிருந்தாலோ, படம் விழும் விழித்திரை கிழிந்திருந்தாலோ, படத்தை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பு செத்திருந்தாலோ முன் கண்ணாடியை எவ்வளவு துல்லியமாகத் திருத்தினாலும் பயனில்லை.

சின்னத் துளையால் ஒரு சோதனை

கண் கிளினிக்கில் கரும்பலகை போன்ற ஓர் அட்டையில் சிறு துளை வழியாக எழுத்துகளை வாசிக்கச் சொல்வார்கள். அதன் காரணம் பலருக்குத் தெரியாது. தடித்த அட்டையில் குண்டூசியால் துளையிட்டு வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் துளை வழியாகச் சுவரிலுள்ள கலண்டரைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்த எழுத்து துளை வழியாகத் தெளிந்தால் உங்களுடைய பிரச்சினை பெரும்பாலும் பவர் சம்பந்தப்பட்டது. கண்ணாடி உதவும். சிலருக்கு லேசரும் உதவலாம். தெளியவில்லை, இன்னும் மோசமாகிறது என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. இது வைத்தியரின் பரிசோதனைக்கு மாற்று அல்ல. ஆனால் காசு கட்டுவதற்கு முன் கேள்வி கேட்பதற்கான துணிவைத் தரும்.

கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துண்டு

எறிகணை, கிளைமோர், மிதிவெடி ஆகியவற்றின் சிதறல்கள் கண்ணுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடுவதுண்டு. கண்ணாடித் துண்டும் சிலவகைப் பிளாஸ்ரிக்கும் பல வருடங்கள் தொல்லை தராமல் இருக்கலாம். இரும்பும் செம்பும் அப்படியல்ல. இரும்பு கண்ணுக்குள் மெல்ல மெல்லத் துருப்பிடித்து விழித்திரையை நஞ்சாக்கும். கதிராளியின் நிறம் மற்றக் கண்ணைவிட மாறித் தெரிவது, இரவில் பார்வை குறைவது, கண்ணழுத்தம் கூடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். காயம்பட்டு மாதங்களுக்குப் பிறகோ வருடங்களுக்குப் பிறகோ இவை தோன்றலாம். துண்டை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் விழித்திரைச் சத்திரசிகிச்சை நிபுணர். இங்கே பார்வைத் திருத்த லேசருக்கு எந்த வேலையும் இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. கண்ணிலோ கண்ணைச் சுற்றியோ உலோகத் துண்டு இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள், முதுகுவலிக்கோ தலையிடிக்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்து, பார்க்கும் கண்ணையும் பறித்துவிடக்கூடும். எக்ஸ்ரே அல்லது சி.ரி. ஸ்கேன் மூலம் துண்டு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். "பழைய காயந்தானே" என்று சொல்லாமல் விடாதீர்கள்.

தழும்பு விழுந்த விழிவெண்படலம்

சிதறலோ, எரிகாயமோ, அந்த நாட்களில் மருந்தில்லாமல் முற்றிய கிருமித் தொற்றோ விழிவெண்படலத்தில் வெண்ணிறத் தழும்பை விட்டுச் செல்லும். பார்க்கிறவர்கள் "கண்ணில் பூ விழுந்திருக்கு" என்பார்கள். தழும்பு மிக மேலோட்டமாக இருந்தால் எக்ஸைமர் லேசரால் சுரண்டி ஓரளவு தெளிவாக்கலாம். ஆழமான தழும்புக்கு அது சரிவராது. மேடுபள்ளமான ஆனால் தெளிவான படலத்துக்குக் கடினமான கொன்ராக்ட் லென்ஸ் உதவும். தழும்பு பார்வையை முழுதாக மறைத்தால், இறந்த ஒருவர் தானம் செய்த விழிவெண்படலத்தைப் பொருத்துவதே வழி.

கண்தானத்தில் இலங்கைக்கு உலகளவில் பெயர் இருக்கிறது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கம் பல வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்களை அனுப்பி வந்திருக்கிறது. ஆகவே தழும்புதான் உங்கள் பிரச்சினை என்றால் "மாற்றுப் படலம் பொருத்த முடியுமா" என்று கேளுங்கள். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. படலத்துக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையும் நரம்பும் உயிரோடு இருக்க வேண்டும்.

வில்லை மங்குதல்: பயப்படத் தேவையில்லாத ஒன்று

கண்ணில் அடிபட்டால் உள்ளிருக்கும் வில்லை பால் நிறமாக மாறலாம். அடிபட்ட உடனேயும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். வயது போகப் போக எல்லோருக்கும் வருகிற கண்புரையும் இதுவே. விழிவெண்படலத்தைச் செதுக்கும் லேசரால் புரையை ஒன்றும் செய்ய முடியாது. புரை இருக்கும் கண்ணில் லேசிக் செய்வது, புகை படிந்த லாம்புச் சிமினியை விட்டுவிட்டு வெளிச் சட்டத்தைத் துடைப்பதற்குச் சமம்.

ஆனால் இது நல்ல முடிவு கிடைக்கக்கூடிய நோய். மங்கிய வில்லையை எடுத்துவிட்டு செயற்கை வில்லை வைப்பார்கள். ஊரில் இதையும் "லேசர் ஒப்பரேசன்" என்றே சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் பயன்படுவது லேசர் அல்ல, வில்லையைப் பொடியாக்கும் கழியொலி அலைகள். சத்திரசிகிச்சைக்குப் பின் சில மாதங்களிலோ வருடங்களிலோ செயற்கை வில்லைக்குப் பின்னாலுள்ள மெல்லிய உறை மங்கினால், அதைத் திறக்கச் சில நிமிட லேசர் சிகிச்சை செய்வார்கள். அது யாக் லேசர் என்ற வேறொரு வகை. அதற்கும் லேசிக்குக்கும் சம்பந்தமில்லை.

செயற்கை வில்லையின் கதையே போர்க்களத்தில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானிகள் சிலரின் கண்களில் விமானத்தின் பிளாஸ்ரிக் கூரைத் துண்டுகள் புகுந்திருந்தன. அந்தத் துண்டுகள் கண்ணுக்குள் இருந்தும் அழற்சியை ஏற்படுத்தவில்லை என்பதைக் கவனித்தவர் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர். அதே வகைப் பிளாஸ்ரிக்கில் வில்லை செய்து 1949 இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். இன்று எங்கள் அம்மம்மாக்களின் கண்ணில் இருக்கும் வில்லை காயம்பட்டவர்களின் கண்களைப் பார்த்துப் படித்த பாடம்.

காலம் கழித்து வரும் இரண்டு ஆபத்துகள்

துண்டு எதுவும் புகாமல் வெடியதிர்வு மட்டும் தாக்கிய கண்களும் முழுமையாகத் தப்பியவை என்று சொல்ல முடியாது. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் பாதை அடியில் சேதமடைந்திருக்கலாம். அப்படியான கண்ணில் 10, 15 வருடங்களுக்குப் பிறகும் கண்ணழுத்தம் கூடிக் குளுக்கோமா வரலாம். வலியில்லை, சிவப்பில்லை. ஓரப்பார்வையிலிருந்து சுருங்கிச் சுருங்கி, நடுப்பார்வை பாதிக்கப்படும்போதுதான் நோயாளிக்கே தெரியவரும். செத்த நரம்பை எந்தச் சிகிச்சையாலும் உயிர்ப்பிக்க முடியாது. சொட்டு மருந்து, வேறுவகை லேசர், சத்திரசிகிச்சை ஆகியவற்றால் மிஞ்சியதைக் காப்பாற்றலாம். ஏற்கெனவே லேசிக் செய்த ஒருவருக்கு விழிவெண்படலம் மெலிந்திருப்பதால் கண்ணழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எனவே லேசிக் செய்தவர்கள் அதை ஒவ்வொரு கண் வைத்தியரிடமும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆபத்து விழித்திரை கழன்றுவிடுவது. திடீரென மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, கரும்புள்ளிகள் மழையாகப் பொழிவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இழுபடுவது போன்ற இருள் ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடுப்பார்வைப் பகுதி கழல்வதற்கு முன் சத்திரசிகிச்சை செய்தால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அடிபட்ட கண்ணுக்கும், பவர் கூடிய கிட்டப்பார்வைக் கண்ணுக்கும் இந்த ஆபத்துக் கூட. லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றினாலும் நீண்ட கண் நீண்ட கண்ணாகவே இருக்கும். அந்த விழித்திரையின் பலவீனம் மாறாது.

நரம்பும் மூளையும்

சிலருக்குக் கண் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், பார்வை மட்டும் இருக்காது. தலையில் பட்ட அடி பார்வை நரம்பைச் சிதைத்திருக்கலாம். தலையின் பின்பகுதியில் துண்டு பட்டிருந்தால் மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்டு, இரண்டு கண்ணாலும் ஒரே பக்கம் தெரியாமல் போகலாம். நடக்கும்போது எப்போதும் ஒரே பக்கத்தில் இடிபடுவது இதன் அடையாளம். இவற்றுக்கு இன்றுவரை லேசரோ, கண் மாற்றுச் சிகிச்சையோ இல்லை. முழுக் கண்ணையும் மாற்றிப் பார்வை தரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றக்கூடியது விழிவெண்படலம் மட்டுமே.

காயம்பட்ட கண் நல்ல கண்ணைத் தாக்கும்போது

இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு கண் ஆழமாகக் கிழிந்து காயப்பட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி அந்தக் கண்ணின் இழையத்தை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கத் தொடங்கலாம். பிறகு அதே இழையம் இருக்கும் நல்ல கண்ணையும் தாக்கும். மிக அரிதான நோய் இது. பெரும்பாலும் காயத்துக்குப் பின் முதல் ஒரு வருடத்துக்குள் வரும். ஆனால் பல பத்து வருடங்கள் கழித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். நினைத்து நினைத்து நித்திரை கெட வேண்டியதில்லை. அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். நல்ல கண் சிவந்து, வெளிச்சத்துக்குக் கூசி, பார்வை மங்கினால் உடனே போய், மற்றக் கண்ணில் பழைய காயம் இருப்பதைச் சொல்ல வேண்டும். நேரத்தோடு மருந்து தொடங்கினால் பார்வையைக் காக்க முடியும்.

ஒரே கண்ணோடு இருப்பவர்கள்

ஒரு கண்ணில் மட்டுமே பார்வை இருப்பவருக்கு, கண்ணாடியைக் கழற்றுவதற்காக மட்டும் அந்தக் கண்ணில் லேசிக் செய்வதை வைத்தியர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். லேசிக் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானதே. என்றாலும் தொற்று, படலம் பலவீனமாதல் போன்ற சிக்கல்கள் அபூர்வமாக வரலாம். இரண்டு கண் உள்ளவருக்கு மற்றக் கண் இருக்கிறது. ஒரே கண் உள்ளவருக்கு மாற்று இல்லை.

அவர்களுக்குக் கண்ணாடிதான் கவசம். பவர் தேவையில்லை என்றாலும் பொலிகார்பனேற் வில்லை போட்ட கண்ணாடியை அணிந்திருப்பது நல்லது. விறகு கொத்தும்போது, புல் வெட்டும்போது, மோட்டார் சைக்கிளில் போகும்போது தெறிக்கும் ஒரு கல் போதும். சாதாரண கண்ணாடி உடையும். பொலிகார்பனேற் இலேசில் உடையாது.

போருக்குத் தொடர்பில்லாத காரணங்கள்

காயம்பட்டவர் என்பதற்காக எல்லா மங்கலையும் காயத்தின் தலையில் போடவும் கூடாது.

வெள்ளெழுத்து. 40 வயதைத் தாண்டும்போது உள்ளிருக்கும் வில்லை இறுகிக் கிட்டத்தில் குவிக்க முடியாமல் போகிறது. பத்திரிகையைக் கை நீட்டிப் பிடிப்பதும் நூல் கோக்கத் தடுமாறுவதும் இதனால். பிரச்சினை வில்லையில் இருப்பதால் வழமையான லேசிக் இதைத் தீர்க்காது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்குமாகத் திருத்தும் முறை உண்டு. அது இரண்டு கண்ணும் நன்றாக உள்ளவர்களுக்கே. மலிவான வாசிப்புக் கண்ணாடி போதும்.

நீரிழிவு. சீனி வருத்தம் விழித்திரையின் நுண்குழாய்களைக் கசியவும் அடைபடவும் செய்கிறது. இதற்கும் லேசர் அடிப்பார்கள். ஆனால் அது விழித்திரையில் அடிக்கும் லேசர். இரத்தக் கசிவையும் மேலும் பார்வை போவதையும் தடுப்பதே அதன் வேலை. "லேசர் அடிச்சும் கண் தெரியேல்லை" என்று பலர் குறைப்படுவது இந்த வேறுபாட்டை யாரும் விளக்காததால்தான். கண்ணுக்குள் போடும் ஊசிகளும் இருக்கின்றன. நீரிழிவு இருப்பது தெரியவந்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பிக்க வேண்டும். பார்வை தெளிவாக இருந்தாலும்கூட.

கூம்பு வடிவ விழிவெண்படலம். பதின்ம வயதில் தொடங்கும் நோய் இது. படலம் மெலிந்து முன்னோக்கிக் கூம்பாகத் தள்ளும். கண்ணாடியின் பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே போகும். ஏற்கெனவே மெலிந்த படலத்தை லேசரால் மேலும் செதுக்கினால் நிலைமை மோசமாகும். அதனால்தான் லேசிக்குக்கு முன் படலத்தின் வரைபடம் எடுக்காத இடத்தில் சிகிச்சை செய்யவே கூடாது. விற்றமின் பி2 சொட்டு விட்டுப் புறஊதாக் கதிர் பாய்ச்சிப் படலத்தை உறுதியாக்கும் சிகிச்சை நோய் கூடுவதைத் தடுக்கும். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளைக் கசக்க விடாதீர்கள்.

சோம்பல் கண். சிறு வயதில் ஒரு கண் சரியான படத்தை அனுப்பாவிட்டால், மூளை அந்தக் கண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடும். பிறகு கண்ணைத் திருத்தினாலும் மூளை பார்க்கக் கற்றிராது. 7, 8 வயதுக்கு முன் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி கொடுத்தால் பலன் அதிகம். முகாம்களிலும் இடப்பெயர்விலும் சிறுபருவத்தைக் கழித்த பலருக்கு அந்த வயதில் கண் பரிசோதனை கிடைக்கவில்லை. வளர்ந்த பிறகு லேசர் அதை ஈடுசெய்யாது. இன்றைய பிள்ளைகளுக்காவது பாடசாலையில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பரிசோதிப்பியுங்கள்.

பரம்பரை நோய்கள். மாலைக்கண்ணாகத் தொடங்கி, குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலப் பார்வை சுருங்கும் விழித்திரை நோய் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படும். நிறக்குருடும் விழித்திரை சார்ந்ததே. மாறுகண் தசை சார்ந்தது. மூன்றையும் பார்வைத் திருத்த லேசரால் மாற்ற முடியாது.

இவை தவிர, பவர் பிரச்சினை மட்டுமே இருந்தாலும் சிலருக்கு லேசிக் இப்போதைக்குச் சரிவராது. 18 வயது நிரம்பாதவர்கள், கடந்த ஒரு வருடத்துக்குள் பவர் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கண் கடுமையாக உலர்ந்திருப்பவர்கள், சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஆகியோர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது

இடப்பெயர்வுகளில் எங்கள் கிளினிக் கொப்பிகளும் எக்ஸ்ரேக்களும் பதுங்குகுழிகளிலேயே போய்விட்டன. அதனால் உங்கள் கண்ணின் கதையை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது காயம், எதனால் காயம், எங்கே சிகிச்சை, கப்பலில் புல்மோட்டைக்கோ திருகோணமலைக்கோ கொண்டுபோனார்களா, துண்டு எடுத்ததாகச் சொன்னார்களா, உடம்பில் வேறெங்கே துண்டுகள் இருக்கின்றன, இப்போது பாவிக்கும் மருந்துகள் என்ன என்று எழுதுங்கள். நெரிசலான கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்த ஒரு தாள் பெரிய உதவி.

நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் பார்வைக் குறைவுக்குக் காரணம் கண்ணின் எந்தப் பகுதி? விழித்திரையும் நரம்பும் நல்ல நிலையில் இருக்கின்றனவா? நீங்கள் சொல்லும் லேசர் பார்வையைக் கூட்டவா, இருப்பதைக் காக்கவா? இதை அரச வைத்தியசாலையில் செய்ய முடியுமா? யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவும் கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலையும் இலவசமாகவே சிகிச்சை தருகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் காசைத் தொடுவதற்கு முன், தோட்டை அடகு வைப்பதற்கு முன், அங்கே ஒரு தடவை காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எதுவும் செய்வதற்கில்லை என்ற பதில் கிடைத்தாலும் அது முடிவல்ல. மிஞ்சிய பார்வையைப் பெரிதாக்கிப் பயன்படுத்தும் உருப்பெருக்கிகள், வெள்ளைப் பிரம்பு, பேசும் கைபேசி மென்பொருள்கள், பிறெயில் ஆகியவை இருக்கின்றன. சுன்னாகம் வாழ்வகத்தில் பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள்.

விசுவமடு அக்காவுடன் கண் கிளினிக்குக்கு நானும் போனேன். துளை அட்டையில் அவருக்கு எழுத்துத் தெளியவில்லை. வலது கண்ணில் புரை இருந்தது. அவருக்கே தெரியாமல் இரத்தத்தில் சீனியும் கூடியிருந்தது. சீனியைக் கட்டுப்படுத்திய பின் அரச வைத்தியசாலையிலேயே புரையை எடுத்து வில்லை வைத்தார்கள். தம்பி அனுப்பவிருந்த காசில் ஒரு சிறு பங்கில் பொலிகார்பனேற் கண்ணாடி ஒன்று வாங்கினார்கள். மிச்சம் மகளின் படிப்புக்குப் போனது. கிட்டப் பார்வைக்கு இப்போதும் அவருக்குக் கண்ணாடி வேண்டும். ஆனால் நூலைத் தானே கோக்கிறார்.

இடது கண்ணைப் பற்றி அவர் கடைசியாக ஒரு தடவை கேட்டார். "அந்தக் கண்ணில நரம்பு இல்லை அம்மா, அதுக்கு ஒண்டும் செய்யேலாது" என்று வைத்தியர் மறைக்காமல் சொன்னார். பிறகு கொப்பியை நீட்டியபடி, "இந்தக் கண் சிவந்தாலோ கூசினாலோ அடுத்த தவணை வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம், அண்டைக்கே வாங்கோ" என்றார். அக்கா அந்த வசனத்தைத் தையல் அளவுக் கொப்பியின் முதல் பக்கத்தில் மகளைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.